நான்கு வருடம் ஒரே பாத்திரம்: ரோல்பிளேயிங் கேமில் நீடித்து நிற்கும் பாத்திரத்தை உருவாக்க, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாக விளையாட வரும் நண்பர்களுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்லிச் சொல்லி, ஒரு கட்டத்தில் எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. நான் ஆடுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஐந்தாம் பதிப்பு. சனிக்கிழமை இரவுகளில் இணையத்தில் கூடும் ஐந்து பேர் கொண்ட தமிழ்க் குழு எங்களுடையது. அதில் வேண்டா என்ற ஒரே பாத்திரத்தை நான்கு வருடம் ஆடினேன். அவளுக்கு முன் நான் உருவாக்கிய மூன்று பாத்திரங்களும் சில மாதங்களில் எனக்கே சலித்துப்போயின. அந்த மூன்றுக்கும் இவளுக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்ததில் கிடைத்ததுதான் இங்கே பெரும்பகுதி.

இந்த விளையாட்டை நான் ஆடியதே இல்லை. சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

ஒருவர் டிஎம், அதாவது டன்ஜன் மாஸ்டர். உலகத்தையும் அதில் நடப்பதையும் அவர் சொல்வார். மற்றவர்களுக்கு ஆளுக்கு ஒரு பாத்திரம். "கதவுக்குப் பின்னால் யாரோ மூச்சு விடும் சத்தம் கேட்கிறது, என்ன செய்யப் போறே?" என்று டிஎம் கேட்பார். உங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்று நீங்கள் சொல்வீர்கள். அது பலிக்குமா என்பது சந்தேகமாக இருந்தால் 20 முகப் பகடையை உருட்டிப் பார்ப்போம். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய இந்த விளையாட்டு, 1974-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து வெளிவந்தது. ஐந்தாம் பதிப்பு 2014-ல் வந்தது. அதன் திருத்திய விதிகள் 2024-ல் வந்தன. கீழே சொல்வது இரண்டுக்கும் பொருந்தும். மாறுபடும் இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

நீண்ட காலம் என்றால் எவ்வளவு?

பாத்திரம் லெவல் 1-ல் தொடங்கி லெவல் 20 வரை வளரலாம். விதிப்புத்தகக் கணக்குப்படி லெவல் 2-க்கு 300 அனுபவப் புள்ளிகள் போதும். லெவல் 3-க்கு 900. லெவல் 20-க்கு 3,55,000. முதல் சில லெவல்கள் வேகமாக ஓடிவிடும், அப்புறம் நடை மெதுவாகும். வாரம் ஒருமுறை மூன்று மணி நேரம் ஆடி, நடுவில் கல்யாணம், காய்ச்சல், ஆபீஸ் வேலை என்று விட்டுப்போன வாரங்களையும் சேர்த்து, நாங்கள் லெவல் 13-ஐத் தொட நான்கு வருடம் ஆனது.

இந்தக் கணக்கை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. இன்று மாலை உங்களுக்குப் பிடித்திருக்கும் ஒன்றை, மூன்று வருடம் கழித்து ஒரு சனிக்கிழமை இரவு, அலுவலகக் களைப்போடு உட்காரும்போதும் ஆட வேண்டும். தேர்வு செய்யும்போது அந்த இரவை நினைத்துக்கொள்ளுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது? கிளாஸா, கதையா, எண்களா?

2014 புத்தகம் இனத்திலிருந்து (மனிதர், எல்ஃப் என்பது போல) தொடங்கச் சொல்கிறது. 2024 புத்தகம் கிளாஸை, அதாவது பாத்திரத்தின் தொழில் வகையை, முதலில் வைக்கிறது. நான் இரண்டுக்கும் முன்னால் ஒரு படி வைப்பேன்: மேஜையில் உட்கார்ந்தால், அதாவது ஆட்டம் தொடங்கினால், நீங்கள் எதைச் செய்ய ஆசைப்படுகிறீர்கள் என்று பாருங்கள்.

சிலருக்குப் பேச வேண்டும். காவல்காரனை ஏமாற்றி, வியாபாரியிடம் பேரம் பேசி, எதிரியையே பக்கத்தில் உட்காரவைத்துக் கதை கேட்க வேண்டும். சிலருக்குத் திட்டம் போட வேண்டும். சிலருக்கு நாள் முழுக்க யோசித்த களைப்பு தீர, வாளை வீசினால் போதும். இதில் எதுவும் தாழ்ந்ததில்லை. பேசப் பிடிக்காத ஒருவர், படத்தில் பார்க்க அழகாக இருக்கிறது என்று பார்ட் கிளாஸை (பாட்டாலும் பேச்சாலும் காரியம் சாதிப்பவர்) எடுத்தால், ஒவ்வொரு வாரமும் தனக்குப் பிடிக்காத வேலையைச் செய்ய வேண்டிவரும். என் முதல் பாத்திரம் ஒரு விசார்ட், அதாவது மந்திரவாதி. மந்திரப் பட்டியலைப் படிப்பதில் எனக்கு அவ்வளவு ஆசை இருந்தது. மேஜையில் வந்து பார்த்தால், எனக்குப் பிடித்தது சந்து பொந்துகளில் புகுந்து பார்ப்பதும் பூட்டைத் திறப்பதும்தான். நாலாவது முறை, வேண்டாவுக்கு, ரோக் (பதுங்கிப் புகும் திருடர் வகை) எடுத்தபோதுதான் கை சரியான இடத்தில் படிந்தது.

பேக்ஸ்டோரி, அதாவது பாத்திரத்தின் முன்கதை, எவ்வளவு எழுத வேண்டும்?

ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். அரைப்பக்கம் இன்னும் நல்லது.

எழுத ஆசை இருப்பவர்களுக்கு இது வருத்தமாக இருக்கும் என்று தெரியும். எனக்கும் இருந்தது. என் இரண்டாவது பாத்திரத்துக்கு ஏழு பக்கம் எழுதினேன். போர், துரோகம், காதல், பழிவாங்கல், மன்னிப்பு எல்லாம் அதில் நடந்து முடிந்திருந்தன. அவன் மேஜைக்கு வந்தபோது செய்ய எதுவும் மிச்சமில்லை. லெவல் 1 ஃபைட்டருக்கு (போர்வீரர்) ஹிட் பாயிண்ட், அதாவது உயிர்ப் புள்ளிகள், பத்துப் பன்னிரண்டுதான் இருக்கும். கோப்ளின் என்ற குட்டிப் பூதங்கள் இரண்டு சேர்ந்தால் அவனைச் சாய்த்துவிடும். எழுத்தில் படைநடத்தியவன், ஆட்டத்தில் பண்ணைக் கிணற்றடியில் மயங்கி விழுந்தான். லெவல் 1 என்பது வாழ்க்கை தொடங்கும் இடம். பெரிய விஷயங்கள் இனிமேல்தான், எல்லார் கண் முன்னாலும், நடக்க வேண்டும்.

வேண்டாவுக்கு நான் எழுதியது மொத்தம் இவ்வளவுதான். ஆற்றங்கரைத் தோணித்துறையில் யாரோ விட்டுப்போன குழந்தை. சுற்றியிருந்த துணியின் கிழிந்த ஓரத்தில் நூலால் தைத்த எழுத்துகள்: வேண்டா. துறையில் தோணி ஓட்டும் கிழவி அதையே பெயராகக் கூப்பிட்டு வளர்த்தாள். வேண்டாவின் பத்தொன்பதாவது வயதில் கிழவி இறந்ததும், அவள் துணியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அதைத் தைத்தவரைக் கண்டுபிடித்து ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "ஏன்?"

நம் பக்கத்தில் பெண் குழந்தை பிறந்தது பிடிக்காமல் 'வேண்டாம்' என்றே பெயர் வைத்த குடும்பங்கள் உண்டு. அப்படி ஒரு பெயரோடு பள்ளிப் பதிவேட்டில் இருந்த ஒரு பெண்ணை எனக்குச் சிறுவயதில் தெரியும். அந்த நினைவுதான் இந்தப் பாத்திரத்தின் விதை.

எழுதும்போது மூன்று விஷயம் இருக்கிறதா என்று பாருங்கள். பாத்திரத்துக்குக் கிடைக்காத ஏதோ ஒன்று வேண்டும். உயிரோடு இருக்கும் ஒருவராவது அந்தக் கதையில் வேண்டும், ஏனென்றால் எல்லாரையும் கொன்றுவிட்டால் டிஎம்முக்குக் கொண்டுவர ஆளே இருக்காது. பாத்திரத்துக்கும் தெரியாத, ஆடும் உங்களுக்கும் தெரியாத ஒரு விஷயம் வேண்டும். மூன்றாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்.

அப்படித் தெரியாமல் விட்ட இடத்தை டிஎம் நிரப்பாமலே போனால்?

போகலாம். அதனால் அந்த இடத்தை டிஎம்மிடம் காட்டிக் கொடுங்கள். "துணியைத் தைத்தது யார் என்று நான் முடிவு செய்யவில்லை, உங்களுக்குத்தான் விட்டிருக்கிறேன்" என்று நான் முதல் நாளே சொன்னேன். அதற்கப்புறம் அவசரப்படுத்தவில்லை. ஆனால் அவள் போகும் ஊரிலெல்லாம் தையல்காரர்களிடம் துணியைக் காட்டிக் கேட்பாள். ஒரு நிமிடம்தான் ஆகும். பெரும்பாலும் ஒன்றும் தெரியவராது. இருந்தாலும் கேட்பாள்.

மூன்று வருடம் ஓடியது. லெவல் 9-ல் இருந்தபோது, மலையடிவாரக் கோயில் ஒன்றில் காணிக்கைப் பொருட்களை வைத்திருக்கும் அறைக்குள் போனோம். பூசாரி ஒரு கிழிந்த துணியை எடுத்து வைத்தார். வேண்டா தன் துணியை அதன் பக்கத்தில் வைத்தாள். ஓரம் பொருந்தியது. டிஎம் சேர்த்துப் படித்தார்: "வேண்டாத தெய்வமில்லை."

யாரும் மைக்கில் பேசவில்லை. யாருக்குமே வேண்டாத குழந்தை என்று தன்னை நினைத்துக்கொண்டு நடந்தவள், ஒருத்தி எல்லாத் தெய்வத்தையும் வேண்டிப் பெற்ற பிள்ளை. அவளை ஆற்றங்கரையில் விட்டது வேறு கதை, அது இங்கே தேவையில்லை. அந்தச் சொல்லை மூன்று வருடமாக எங்கள் டிஎம் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். நானே பேக்ஸ்டோரியில் பதிலை எழுதியிருந்தால் அந்த இரவு எனக்குக் கிடைத்திருக்காது.

எண்களை எப்படி வைப்பது? பகடை உருட்டுவது நல்லதா?

ஆறு திறன்கள்: ஸ்ட்ரெங்த் (உடல் பலம்), டெக்ஸ்டெரிட்டி (கைத்திறன், சுறுசுறுப்பு), கான்ஸ்டிட்யூஷன் (உடலின் தாங்கும் சக்தி), இன்டெலிஜென்ஸ் (படிப்பறிவு), விஸ்டம் (கூர்ந்து உணரும் அறிவு), கரிஸ்மா (ஆளைக் கவரும் ஆளுமை). எண்களைப் பெற மூன்று வழி உண்டு. 15, 14, 13, 12, 10, 8 என்ற தயார் வரிசையை எடுத்துப் பிரித்துக்கொள்ளலாம். 27 புள்ளிகளைச் செலவழித்து வாங்கலாம். அல்லது நான்கு ஆறுமுகப் பகடைகளை உருட்டி, குறைந்ததைத் தள்ளி, மீதி மூன்றைக் கூட்டலாம்.

ஒரே இரவில் முடியும் ஆட்டத்துக்கு உருட்டுங்கள், சந்தோஷமாக இருக்கும். வருடக்கணக்கில் ஆடப்போகிறீர்கள் என்றால் முதல் இரண்டில் ஒன்றை எடுங்கள். முதல் நாள் பகடையில் ஒருவருக்கு 18-ம் இன்னொருவருக்கு 11-ம் விழுந்தால், அந்த இடைவெளி நான்கு வருடமும் கூடவே வரும். சோர்ந்துபோய்த் தன் பாத்திரத்தை ஆபத்தான இடங்களுக்கு வேண்டுமென்றே அனுப்பியவரைப் பார்த்திருக்கிறேன். பாத்திரம் செத்தால் மறுபடி உருட்டலாமே என்ற எண்ணம்தான்.

அதே சமயம் எண்களைப் பார்த்து மிரளவும் வேண்டாம். 20 முகப் பகடையில் விழும் எண்ணோடு திறனுக்காகக் கூட்டும் +1 என்பது வெறும் 5 சதவீத வித்தியாசம். முக்கியத் திறன் 16-ல் தொடங்கினால் தாராளம். பெரும்பாலான கிளாஸ்களுக்கு லெவல் 4, 8, 12 என்று ஏற்றிக்கொள்ள வாய்ப்பு வரும். 20 வரை போகலாம்.

அந்த 8 இருக்கிறதே, அதை அன்போடு வையுங்கள். வேண்டாவுக்கு 8 விழுந்தது இன்டெலிஜென்ஸில். அவளுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும் என்று வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு கடிதத்தையும் யாராவது படித்துச் சொல்ல வேண்டும். அதனால் அவள் யாரிடமாவது போய் உட்கார வேண்டும். எத்தனையோ நல்ல உரையாடல்கள் அப்படித்தான் பிறந்தன.

பாத்திரத்துக்குக் குறை வேண்டும் என்கிறார்கள். எப்படிப்பட்ட குறை?

அதற்கான விலையை உங்கள் பாத்திரம் கொடுக்க வேண்டும், பக்கத்தில் இருப்பவர் கொடுக்கக் கூடாது. இதை மட்டும் பார்த்தால் போதும்.

இருட்டைக் கண்டால் பயம், கடன் கேட்டால் இல்லை என்று சொல்லத் தெரியாது, பொய் சொன்னால் குரல் நடுங்கும்: இவையெல்லாம் ஆடுபவருக்குச் சிக்கலைக் கொண்டுவரும், மேஜைக்குக் கதையைக் கொண்டுவரும். கூட்டாளியின் பையிலிருந்தே திருடுவது, பேச்சுவார்த்தை நடக்கும்போது கத்தியை உருவுவது போன்றவை மற்ற நான்கு பேரின் மாலைப் பொழுதைக் கெடுக்கும். கேட்டால் "என் கேரக்டர் அப்படித்தான்" என்று பதில் வரும். அந்தக் கேரக்டரை அப்படி உருவாக்கியது நாம்தானே. மாற்றும் அதிகாரமும் நம்மிடம்தான் இருக்கிறது.

யாரையும் நம்பாத, தனியாக அலையும் பாத்திரம் எனக்குப் பிடிக்கும். ஆடலாமா?

ஆடலாம். ஆனால் அவன் இவர்களோடு ஏன் இருக்கிறான் என்பதற்கு நீங்களே ஒரு காரணம் கொண்டுவாருங்கள். அவனை இழுத்துப் பிடித்து வைக்கும் வேலையை மற்றவர்கள் தலையில் கட்டக் கூடாது.

மற்ற பாத்திரங்களோடு உறவை எப்படி உருவாக்குவது?

ஆட்டம் தொடங்குமுன் எல்லாரும் கூடிப் பேசும் நாளை செஷன் ஜீரோ என்பார்கள். என்ன மாதிரிக் கதை, எதெல்லாம் வேண்டாம், எத்தனை மணிக்கு முடிப்போம் என்று அன்றைக்கே பேசிக்கொள்வோம். பாத்திரங்களையும் அன்றே, சேர்ந்து உட்கார்ந்து, உருவாக்குங்கள். வீட்டில் தனியாக முடித்துக்கொண்டு வந்த ஐந்து பாத்திரங்கள், பஸ் நிறுத்தத்தில் நிற்கும் ஐந்து பேர் மாதிரிதான் இருக்கும்.

பெரிய உறவு தேவையில்லை. சின்னதாக, தீராமல் நிற்பதாக ஒன்று போதும். எங்கள் குழுவில் ஒரு நண்பர் வயதான பாலடின் (சபதம் ஏற்ற புனித வீரர்) ஒருவரை ஆடினார். "நான் உன் தோணியில் ஒருமுறை வந்திருக்கேன், ஆனா கூலி குடுக்கலை" என்றார் செஷன் ஜீரோவில். எவ்வளவு என்றேன். இரண்டு செப்புக் காசு. பேச்சுவாக்கில் சொன்னதுதான். அந்த இரண்டு காசு அப்புறம் எங்களோடு எல்லா இடத்துக்கும் வந்தது. தங்கக் குவியல் மேல் நிற்கும்போதுகூட, "ஐயா, என் கூலி?" என்று கேட்பாள் அவள். "சில்லறை இல்லையேம்மா" என்பார் அவர்.

குரலை மாற்றிப் பேசியே ஆக வேண்டுமா? தமிழில் ஆடும்போது எப்படிப் பேசுவது?

குரல் மாற்ற வேண்டியதில்லை. மூன்று மணி நேரம் கரகரத்த குரலில் பேசினால் தொண்டை கட்டும், மூன்றாவது வாரம் தானாகவே விட்டுவிடுவீர்கள். அதைவிடப் பேச்சில் ஒரு வழக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். வேண்டா எதையும் ஆற்றோடு ஒப்பிட்டுத்தான் பேசுவாள். ஒருவரை நம்பலாமா என்று கேட்டால், "மேலாக்கத் தெளிஞ்சிருக்கு, அடியில சுழி இருக்கு" என்பாள்.

தமிழில் ஆடுகிறவர்களுக்கு இன்னொரு பெரிய வசதி இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. விதிகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன, 'அட்டாக் ரோல்', 'சேவிங் த்ரோ' என்றுதான் நாங்களும் சொல்கிறோம். ஆனால் பாத்திரங்கள் ஒருவரோடு ஒருவர் பேசும்போது 'நீ'யா 'நீங்க'ளா என்று தமிழ் கேட்டுவிடுகிறது. பதில் சொல்லாமல் ஒரு வாக்கியம்கூடப் பேச முடியாது. என் பாத்திரம் யாரை அண்ணே என்கிறாள், யாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள், யாரிடம் மொட்டையாகப் பேசுகிறாள் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அது மாறும் தருணத்துக்குக் காத்திருங்கள்.

பாலடினை அவள் இரண்டு வருடம் "ஐயா, நீங்க" என்றே பேசினாள். அவர் எங்களிடம் ஒரு உண்மையை மறைத்தது தெரியவந்த இரவில், "நீ இதச் சொல்லியிருக்கணும்" என்று என் வாயில் வந்தது. திட்டமிட்டுச் சொல்லவில்லை. மறுமுனையில் நண்பர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீன்னு சொல்லிட்டாளே" என்றார். பல வாரங்கள் கழித்து அவள் அவரை முதன்முறையாக "தாத்தா" என்றாள். சண்டைக்காட்சிகள் பலவும் மறந்துபோயின. இந்த இரண்டும் நினைவிருக்கின்றன.

நகைச்சுவைப் பாத்திரம் நீடிக்குமா?

சிரிக்க வைக்கும் பாத்திரம் நீடிக்கும். ஒரே ஒரு ஜோக்கை நம்பி நிற்கும் பாத்திரம் நீடிக்காது. பெயரிலேயே சிலேடை வைத்துக்கொண்டு வந்தால், கதை கனக்கும் நேரத்தில் அந்தப் பெயரைக் கூப்பிடவே மற்றவர்களுக்குக் கஷ்டமாக இருக்கும்.

நடுவில் கிளாஸ் சலித்துவிட்டால்?

முதலில், சலித்தது எது என்று பாருங்கள். பாத்திரத்தின் மனசா, அல்லது சண்டையில் ஒவ்வொரு முறையும் செய்யும் அதே செயலா?

இரண்டாவதுதான் என்றால் வழிகள் உண்டு. கிளாஸுக்குள்ளேயே கிளை பிரியும் சப்கிளாஸ் இருக்கிறது. 2024 விதிகளில் எல்லாருக்கும் அது லெவல் 3-ல் வருகிறது. 2014-ல் கிளெரிக் (தெய்வ அருளால் மந்திரம் செய்பவர்), சார்சரர், வார்லாக் என்ற மூன்று கிளாஸ்களுக்கும் லெவல் 1-லேயே, விசார்டுக்கும் ட்ரூயிடுக்கும் லெவல் 2-ல். பாத்திரத்தை உருவாக்கும்போதே லெவல் 5 வரைக்கும் படித்துப் பாருங்கள். பல கிளாஸ்கள் அங்கேதான் ஒரு தாவு தாவும், ஃபைட்டருக்கு இரண்டாவது அடியும் விசார்டுக்கு ஃபயர்பால் என்ற நெருப்பு மந்திரமும் வருவது அங்கே. அதற்கு மேல் திட்டமிட வேண்டாம். லெவல் 20 வரை அட்டவணை போட்டு வைப்பவர்கள், நடுவில் கதை வேறு பக்கம் திரும்பும்போது தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். வேண்டா கொள்ளைக்காரி ஆகப்போகிறாள் என்று நான் நினைத்திருந்தேன். லெவல் 3 வருவதற்குள் அவள் ஊர் ஊராக ஆட்களைத் தேடி விசாரிக்கிறவள் ஆகிவிட்டாள். அதற்கேற்ற சப்கிளாஸை எடுத்தேன்.

மல்டிகிளாஸ் செய்வதென்றால், அதாவது ஒரே பாத்திரத்தில் இன்னொரு கிளாஸையும் சேர்ப்பதென்றால், இரண்டு கிளாஸ்களின் முக்கியத் திறனிலும் குறைந்தது 13 இருக்க வேண்டும். அதையும் கதையில் காரணம் கிடைத்தால் மட்டும் செய்யுங்கள் என்பேன். எதுவும் சரிவராவிட்டால் டிஎம்மிடம் வெளிப்படையாகப் பேசி மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் பிடிக்காமல் உட்கார்ந்திருப்பது யாருக்கும் நல்லதில்லை.

சலித்தது மனசு என்றால், பெரும்பாலும் பாத்திரத்துக்கு ஆசை எதுவும் மிச்சமில்லை என்று அர்த்தம். கேட்டது கிடைத்திருக்கும், அல்லது கேட்பதையே மறந்திருப்பீர்கள். பழைய குறிப்புகளைப் புரட்டிப் பாருங்கள்.

குறிப்பு எழுத வேண்டுமா?

ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் மூன்று வரி. புதிதாகச் சந்தித்தவர் பெயர், கொடுத்த வாக்கு, பாக்கியிருக்கும் கடன். ஐந்து நிமிடம் போதும். தூங்கி எழுந்தால் மறந்துவிடும், அன்றே எழுதுங்கள்.

இவ்வளவு ஆசையாக வளர்த்த பாத்திரம் செத்துப்போனால்?

சாவு இந்த விளையாட்டில் உண்மையான சாத்தியம், அதை எடுத்துவிட்டால் ருசி குறையும். டிராவலர் என்ற 1977-ம் வருடத்து விண்வெளி விளையாட்டில், பாத்திரத்தை உருவாக்கிக்கொண்டிருக்கும்போதே அது செத்துப்போகலாம் என்று விதி இருந்தது. இங்கே அவ்வளவு கடுமை இல்லை. ஹிட் பாயிண்ட் 0 ஆனால் உங்கள் ஒவ்வொரு முறையிலும் 20 முகப் பகடையை உருட்டுவீர்கள். 10 அல்லது மேலே வந்தால் வெற்றி, கீழே வந்தால் தோல்வி. மூன்று வெற்றி வந்தால் உயிர் நிலைக்கும், மூன்று தோல்வி வந்தால் போய்விடும். 20 விழுந்தால் உடனே எழுந்துவிடலாம். 1 விழுந்தால் இரண்டு தோல்வியாகக் கணக்கு.

செத்த பிறகும் மந்திரங்கள் உண்டு. ரெவிவிஃபை மந்திரத்துக்கு 300 பொற்காசு மதிப்புள்ள வைரம் வேண்டும், இறந்த ஒரு நிமிடத்துக்குள் செய்ய வேண்டும். ரெய்ஸ் டெட் மந்திரத்துக்கு 500 பொற்காசு வைரம், பத்து நாள் அவகாசம். உங்கள் டிஎம்மின் உலகத்தில் இவையெல்லாம் எளிதில் கிடைக்குமா என்று செஷன் ஜீரோவிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

ரெய்ஸ் டெட் விதியில் ஒரு நிபந்தனை இருக்கிறது: இறந்தவரின் ஆன்மா திரும்பிவரச் சம்மதிக்க வேண்டும். அதாவது கடைசி வார்த்தை அந்தப் பாத்திரத்தை ஆடுபவருடையது. எங்கள் பாலடின் லெவல் 12-ல், ஒரு பாலத்தைத் தனியாகக் காத்து நின்று விழுந்தார். எங்களிடம் வைரம் இருந்தது. கிளெரிக் மந்திரத்தைத் தொடங்கினாள். நண்பர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவர் வரமாட்டார்" என்றார். அவர் கதை அங்கே நிறைந்துவிட்டது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. பிறகு டிஎம்மிடம், "என் இடுப்புப் பையைப் பார்க்கச் சொல்லுங்க" என்றார். உள்ளே, துணியில் முடிந்து, இரண்டு செப்புக் காசு இருந்தது. எந்தச் செஷனில் எடுத்து வைத்தார் என்று இன்றுவரை சொல்லவில்லை.

அதனால், பாத்திரம் சாகாமல் இருக்க என்ன செய்வது என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது: செத்தால் யாருக்கு என்ன பாக்கி நிற்கும் என்று உயிரோடு இருக்கும்போதே யோசித்து வையுங்கள்.

கேம்பெயின், அதாவது வாராவாரம் தொடரும் கதை, பாதியில் நின்றுபோனால் அந்தப் பாத்திரத்தை வேறு மேஜைக்குக் கொண்டுபோகலாமா?

பாதியில் நிற்பது சகஜம். வேலை மாறும், குழந்தை பிறக்கும், நேரம் ஒத்துவராது. புதிய டிஎம்மிடம் கேட்டுவிட்டுக் கொண்டுபோகலாம். போகும்போது சாதனைகளையும் மந்திர வாளையும் விட்டுவிட்டு, பாத்திரத்தின் ஆசையையும் பேச்சையும் மட்டும் எடுத்துக்கொண்டு லெவல் 1-லிருந்து தொடங்குங்கள். புதிய மேஜையில் இருப்பவர்கள் பழைய கதைகளைக் கேட்க வரவில்லை.

புத்தகம் வாங்க வசதியில்லை. என்ன செய்வது?

வாங்காமலே தொடங்கலாம். ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகள் அடங்கிய எஸ்ஆர்டி 5.1 ஆவணம் 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியானது. 2024 விதிகளுக்கான எஸ்ஆர்டி 5.2 அடுத்து 2025-ல் வந்தது. இரண்டும் இலவசம். பகடைக்குப் போனில் செயலி இருக்கிறது. தாயக்கட்டை உருட்டிப் பழகிய கைக்கு, நிஜப் பகடை ஒரு செட் கையில் இருந்தால் தனிச் சந்தோஷம்தான், ஆனால் அது கட்டாயமில்லை.

எப்போது விடைபெறுவது?

கேட்டது கிடைத்ததும் விடைபெற வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படி நடக்கவில்லை. துணியின் மறுபாதி கிடைத்த பிறகும் கிட்டத்தட்ட ஒரு வருடம் வேண்டாவை ஆடினேன். பெயரை மாற்றிக்கொள்ளலாமே என்று கிளெரிக் கேட்டபோது, "எதுக்கு? இப்பத்தானே அர்த்தம் தெரிஞ்சிருக்கு" என்றாள். அதற்கப்புறம் அவளுக்குப் புது ஆசை ஒன்று வந்தது. கிழவி போனபின் ஆளில்லாமல் கிடந்த அந்தத் துறையில் மறுபடி தோணி ஓட வேண்டும். அதற்குப் பணம் சேர்த்தாள், தச்சனைத் தேடினாள். புதையல்களில் அவள் பங்கு மரப்பலகையாக மாறியது. தோணி தண்ணீரில் இறங்கிய நாளில், அவளைத் தொடர்ந்து ஆட எனக்கு ஆசை இருந்தும், அவள் ஊரைவிட்டுக் கிளம்பக் காரணம் எதுவும் தென்படவில்லை. டிஎம்மிடம் சொன்னேன். அந்த ஆட்டத்தின் கடைசி அரைமணி நேரத்தை அவளுக்காக ஒதுக்கினார்.

இப்போது அதே உலகத்தில் வேறு கேம்பெயின் ஓடுகிறது, எல்லாருக்கும் புதிய பாத்திரங்கள். பாலடின் ஆடிய நண்பர் இப்போது பதினாறு வயதுப் பையன் ஒருவனை ஆடுகிறார். இரண்டாவது வாரம் அவர்கள் ஒரு ஆற்றைக் கடக்க வேண்டியிருந்தது. தோணிக்காரியின் வசனத்தை நீயே பேசு என்று டிஎம் என்னிடம் சொன்னார். பையன் கரையில் நின்று, அக்கரைக்குப் போகக் கூலி எவ்வளவு என்று கேட்டான்.

"ரெண்டு செப்புக் காசு," என்றாள் வேண்டா. "ஏறும்போதே குடுத்துடணும்."